டர்பனிலிருந்து லெனேசியாவுக்குக் காரில் பாம்பு, கெக்கோ, பியர்டட் டிராகன்: ஜூலைக் குளிரில் எப்படிக் கொண்டுபோவது?

சாட்ஸ்வொர்த்_செதில்
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை முதல் வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவுக்குக் குடிபோகிறோம். என்3 நெடுஞ்சாலை வழியாக, ஒரே நாளில். கூட வரவேண்டியவை: பால் பைத்தான் (பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு, பெண், 1.4 கிலோ), லெப்பர்ட் கெக்கோ (சின்னப் பல்லி, 60 கிராம்), பியர்டட் டிராகன் (ஓணான் வகை, 400 கிராம்). வண்டி சாதாரண செடான். யோசித்து வைத்திருப்பது இதுதான்: காலை 5 மணிக்குக் கிளம்புவது. மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, போர்வை சுற்றி, டிக்கியில் வைப்பது. வழியில் பசிக்காமல் இருக்க முந்தின நாள் ராத்திரி நன்றாகத் தீனி போட்டுவிடுவது. தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஓணான்_அக்கா
தம்பி, கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அது நல்லது. போர்வை, டிக்கி, தீனி, 5 மணி, நான்கையும் மாற்ற வேண்டும்.

போர்வையிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதைத் தொட்டுத்தான் வருகிறது. நாம் போர்த்திக்கொண்டால் கதகதப்பாவது நம் உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்பதால். பாம்புக்கும் பல்லிக்கும் அப்படிச் சொந்தச் சூடு கிடையாது. 12 டிகிரியில் இருக்கிற பாம்பைப் போர்வையில் சுற்றினால் 12 டிகிரியிலேயே கிடக்கும். அதற்குமேல், வண்டிக்குள் சூடு வந்தபிறகும் அது பெட்டிக்குள் இறங்காமல் போர்வையே தடுக்கும். ஆகவே சூட்டை முதலில் உண்டாக்க வேண்டும், பிறகுதான் அதைக் காப்பது பற்றிப் பேச்சு.

உங்கள் மூன்றுக்கும் பெட்டிக்குள் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் போதும். 32ஐத் தாண்டவே விடாதீர்கள். வீட்டில் டிராகன் 40 டிகிரி விளக்கின்கீழ் படுத்துக் கிடக்கிறதே என்று தோன்றலாம். அங்கே சூடு போதுமென்றால் எழுந்து நிழலுக்குப் போய்விடும். மூடிய டப்பாவில் எங்கே போகும்? குளிர்ப்பக்கம் 20 வரை சில மணி நேரம் தாங்கும். அதற்குக் கீழே நெடுநேரம் இருந்தால், அதுவும் வயிற்றில் இரை இருந்தால், ஆபத்து.

அதனால்தான் தீனி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. இவற்றுக்குச் செரிமானம் நடப்பதே வெளிச்சூட்டில்தான். சூடு குறைந்தால் எலி வயிற்றிலேயே அழுகும், பாம்பு கக்கிவிடும். பைக்குள் கக்கினால் மூச்சடைக்கும் பயம், தொண்டைப் புண், நீரிழப்பு மூன்றும் உண்டு. பைத்தானுக்குக் கடைசி இரை பயணத்துக்கு 7 முதல் 10 நாள் முன்பு. கெக்கோவுக்கு 3 நாள், டிராகனுக்கு 2 நாள் முன்பு நிறுத்துங்கள். ஆனால் அந்த நாட்களில் விளக்கையும் ஹீட் மேட்டையும் (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு) வழக்கம்போல் எரியவிடுங்கள். உள்ளே இருப்பது செரித்து வெளியேற அந்தச் சூடு வேண்டும். தீனி நிறுத்தும் அன்றே விளக்கையும் கழற்றி மூட்டை கட்டுவது குடிபோகிற அவசரத்தில் எல்லாரும் செய்யும் தப்பு.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். முந்தின நாள் மாலை டிராகனை 30 டிகிரித் தண்ணீரில், தோள் மட்டத்துக்கு மேல் ஏறாமல், 15 நிமிடம் விடுங்கள். குடிக்கும், பெரும்பாலும் கழியவும் செய்யும். பயணப் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம். முதல் வளைவிலேயே கவிழும், ஈரத்தில் உடம்பு சீக்கிரம் குளிரும்.

ஃபீனிக்ஸ்_பக்கி
அக்கா சொன்னது சரி. சூட்டுக்கு நான் சொல்வது: டப்பாவுக்குள்ளேயே ஒரு ஹீட் பேக் போடுங்கள், கைகளைச் சூடாக்குவதற்கு விற்கிற சின்னது போதும். இல்லையென்றால் 12 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்து ஹீட் மேட்டை ஓட்டலாம். பக்கி (பின்பக்கம் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் பின்னால் கேனப்பியில் (அந்தச் சாமான் பகுதியின் மூடிய கூண்டில்) வைத்தால் இடமும் தாராளம்.

லெனேசியா_தெர்மோ
பக்கி அண்ணா, மன்னிக்கவும், மூன்றுமே வேண்டாம் என்பேன். காரணத்தோடு சொல்கிறேன்.

கைச்சூட்டு பேக் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். சில மணி நேரத்தில் அணைந்தும் போகும். ஊர்வனவற்றுக்கு வயிற்றடியில் சுடுவது சட்டென்று உறைக்காது. வெந்துகொண்டிருக்கும்போதும் அதன்மேலேயே படுத்திருக்கும். இந்தப் பேக் வேலை செய்வது இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. மூடிய டப்பாவில் ஆக்சிஜன் குறையக் குறைய பேக் மந்தமாகும். நீங்கள் "ஆறிவிட்டதே" என்று மூடியைத் திறந்தால் புதுக்காற்று பட்டு மறுபடி கொதிக்கும். பார்சலுக்கென்று வரும் 40 மணி நேரப் பேக்கைத்தான் பயன்படுத்துவேன் என்றால், அதை நாளிதழில் இரண்டு சுற்றுச் சுற்றி, வெளித் தெர்மாகோல் பெட்டியின் மூடியில் உட்புறமாக டேப்பால் ஒட்டுங்கள். விலங்கின் டப்பா கீழே தனியாக இருக்கட்டும், இரண்டும் தொடக்கூடாது.

மலிவு இன்வெர்ட்டர் தருவது சுத்தமான அலை இல்லை. சில தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) அதில் கோளாறு செய்து, மேட்டை நிறுத்தாமல் ஓடவிடும். பக்கி கேனப்பியில் ஹீட்டர் கிடையாது. வெளியே 2 டிகிரி என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான். வெயிலில் நின்றால் அடுப்பு. செடான் டிக்கிக்கும் இதே குறை, கூடவே உள்ளே என்ன நடக்கிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

இந்தப் பயணத்துக்கு நல்ல ஹீட்டர் கார்தான். கிளம்ப 20 நிமிடம் முன்பே இன்ஜினைப் போட்டு, ஆட்கள் உட்காரும் அறையை 26 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வழி முழுக்க அப்படியே வையுங்கள். நீங்கள் சட்டை கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. தெர்மாகோல் பெட்டியை (மீன் கடை, மருந்துக் கடைகளில் காலிப் பெட்டி கேட்டால் கிடைக்கும்) முந்தின ராத்திரியே சூடான அறையில் திறந்து வையுங்கள். பெட்டியே 26 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த கராஜிலிருந்து எடுத்த பெட்டி முதல் ஒரு மணி நேரம் சூட்டைத் தான் குடிக்கும்.

கூடுதல் காப்புக்கு வெந்நீர் பாட்டில். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 2, தண்ணீர் 40 டிகிரி, துண்டில் சுற்றி விலங்கின் டப்பாவுக்குப் பக்கவாட்டில். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப்போனால் பெட்ரோல் பங்க்கில் மாற்றிக்கொள்ளலாம். ஃபிளாஸ்க் தண்ணீர் 1 பங்குக்குக் குழாய்த் தண்ணீர் 2 பங்கு கலந்தால் 40க்குப் பக்கத்தில் வரும். வழியில் கணவாயைத் தாண்டி வரும் ஹாரிஸ்மித் ஊரில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அங்கே ஒன்றரைப் பங்கு போதும். கையால் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டர் முனையை விட்டுப் பாருங்கள்.

அந்தத் தெர்மாமீட்டர் ஒயரோடு கூடிய டிஜிட்டலாக இருக்கட்டும். முனை விலங்கின் டப்பாவுக்குள், அது படுக்கும் மட்டத்தில். திரை முன்சீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். டாஷ்போர்டில் காட்டும் 26ம் டப்பாவுக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

5 மணி பற்றி: டர்பனில் ஜூலை அதிகாலை 11, 12 டிகிரிதான், அது பெரிய தொந்தரவில்லை. ஆனால் 5 மணிக்குக் கிளம்பினால் வான் ரீனன் கணவாயில் 8 மணிவாக்கில் ஏறுவீர்கள். சுமார் 1,680 மீட்டர் உயரம். தாண்டினால் ஹாரிஸ்மித், அங்கே ஜூலைக் காலையில் உறைபனி சாதாரணம். 9 மணிக்குக் கிளம்புங்கள். கணவாயை நண்பகலில் கடந்து, 4 மணிக்குள் லெனேசியா சேரலாம். மொத்தம் சுமார் 570 கிலோமீட்டர், இருட்டுவதற்குள் முடிந்துவிடும். முந்தின நாள் வானிலை பாருங்கள். கணவாயில் பனி விழும் என்றால் தேதியைத் தள்ளுங்கள். பனியிலும் லாரி விபத்திலும் அந்த இடம் மணிக்கணக்கில் அடைபடும். அதனால் எஸ்ட்கோர்ட் மாதிரி, எங்கே கடைசியாகப் பெட்ரோல் பார்க்கிறீர்களோ அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். நின்ற வண்டியில் ஹீட்டர் ஓட இன்ஜின் ஓட வேண்டும்.

மரித்ஸ்பர்க்_மாணிக்கம்
பேக்கிங் பற்றி யாரும் எழுதவில்லையே.

பைத்தானுக்குப் பருத்தித் தலையணை உறை. உறையை உள்வெளியாகத் திருப்புங்கள், தையல் வெளியே வரவேண்டும். உள்ளே நூல் பிசிறு இருந்தால் செதிலிலும் வாய் ஓரத்திலும் சிக்கி இறுகும். பாம்பை விட்டபிறகு வெளியிலிருந்து தடவித் தலையும் உடம்பும் அடியில் இருப்பதை உறுதி செய்து, வாயை முறுக்கி, துணியிலேயே முடிச்சுப் போடுங்கள். ரப்பர் பேண்ட் நழுவும். தூக்குவது முடிச்சுக்கு மேலே பிடித்து. பை நேராகத் தெர்மாகோலில் வேண்டாம், 30 லிட்டர் பிடிக்கும் கிளிப் மூடி டப்பாவில் வைத்து, அதைத் தெர்மாகோலில் இறக்குங்கள். தனிப் பையை மட்டும் சீட்டில் வைத்தால் மேலே ஏதாவது சாயும்.

டப்பாவுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டில், மேல்பாதியில், 5 மில்லிமீட்டர் ஓட்டை 8, 8. டிரில்லை உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள். பிசிறு வெளிப்பக்கம் நிற்கும். வெளியிலிருந்து துளைத்தால் அந்தக் கூர் உள்ளே நின்று, மூக்கை முட்டி முட்டிப் பாம்பு புண்ணாக்கிக்கொள்ளும். தெர்மாகோலிலும் அதே உயரத்தில் இரண்டு பக்கமும் 3, 3 ஓட்டை. இவை மூச்சு விடுவது கொஞ்சம், இவ்வளவு போதும்.

கெக்கோவுக்கு 2 லிட்டர் டப்பா, அடியில் டிஷ்யூ நாலு மடிப்பு, அதில் ஒரு மூலை மட்டும் லேசாக ஈரம். ஒளிந்துகொள்ளக் கசக்கிய டிஷ்யூ உருண்டை. குகை, கல், தேங்காய்ச் சிரட்டை எதுவும் வேண்டாம். பிரேக் போட்டால் அது உருண்டு 60 கிராம் உடம்பின்மேல் விழும். டப்பாவுக்குள் விடும்போது வாலைத் தொடாதீர்கள். பயந்த கெக்கோ வாலை உதிர்க்கும். அந்த வாலில்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு.

டிராகனுக்கு வெளிச்சம் புகாத டப்பா, அது திரும்பும் அளவு மட்டும். பெரிய டப்பாவில் வளைவுக்கு வளைவு சறுக்கும். அடியில் பழைய டீ-சர்ட். குளியல் துண்டின் சுருள் நூலில் நகம் மாட்டும்.

பைத்தானின் கண் நீலம் பூத்திருந்தால், அதாவது சட்டை உரிக்கப் போகிறதென்றால், அது முடிகிறவரை தள்ளிப்போடப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்_செதில்
மிக்க நன்றி. ஒயர் தெர்மாமீட்டர் வாங்கி, காலி டப்பா வைத்து நேற்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் 26. முன்சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் தரையில் வைத்த டப்பாவில் 36. பின்சீட்டில் வைத்தபோது 25. இப்படி வருமா?

லெனேசியா_தெர்மோ
வரும். பல கார்களில் முன்சீட்டுக்கு அடியில் பின்னால் பார்த்தபடி ஹீட்டர் வாய் இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள், சுடுகாற்று நேராக டப்பாமேல் அடிக்கும். தரைதான் அசையாத இடம் என்று சொல்லி எல்லாரும் அங்கே வைக்கிறார்கள், குளிர்காலத்தில் வெந்துபோவது அங்கேதான். காலி டப்பாவில் ஓட்டிப் பார்த்தது மிக நல்ல காரியம், இதைப் படிக்கிற எல்லாரும் செய்ய வேண்டியது.

பின்சீட்டில் வையுங்கள். பெல்ட்டைப் பெட்டியின் குறுக்கே போட்டுப் பூட்டுங்கள். இடப்பக்கம் நல்லது. காலையில் டர்பனிலிருந்து வடமேற்கே போகும்போது வெயில் வலப்பக்கக் கண்ணாடியில் விழும். நண்பகலில் முன்னாலிருந்து வரும். சுங்கச் சாவடிகளில் (மேரியன்ஹில், மூய், டுகேலா, வில்ஜ், டி ஹூக்) கண்ணாடி இறங்குவது ஓட்டுகிறவர் பக்கம், அதுவும் வலப்பக்கம்தான். சுங்கத்தைத் தானாகக் கட்டும் டேக் வண்டியில் இருந்தால் கண்ணாடியை இறக்கவே வேண்டாம்.

ஓணான்_அக்கா
ஒரு சின்ன விஷயம். கிளம்பும்போது வண்டிக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும் வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதை முடித்து, கதவைத் திறந்து பத்து நிமிடம் புகை போகவிட்டு, பிறகு பெட்டிகளை ஏற்றுங்கள். கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையையும் ஒரு வாரம் முன்பே கழற்றிவிடுங்கள். இவற்றின் நுரையீரல் எளிமையானது, உள்ளே போன எரிச்சலை இருமி வெளியேற்றும் வழி கிடையாது.

டொங்காட்_தோட்டம்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்தில் ஒரு சிறுத்தை ஆமை பல வருஷமாக இருக்கிறது. அதையும் ஜோஹன்னஸ்பர்க்குக்கு இதே மாதிரி கொண்டுபோகலாமா?

ஆமை_வீடு
ஐயா, பெட்டியை விடுங்கள், முதலில் காகிதம். செதில் தம்பியின் மூன்றும் வெளிநாட்டு இனங்கள்: மேற்கு ஆப்பிரிக்கா, தெற்காசியா, ஆஸ்திரேலியா. சிறுத்தை ஆமை இந்த மண்ணின் உயிர். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதை வைத்திருக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும், தருவது எசெம்வெலோ வனவுயிர் அமைப்பு. மாகாண எல்லையைத் தாண்ட இங்கிருந்து ஓர் அனுமதி, போய்ச்சேரும் கௌடெங்கில் (ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம்) ஓர் அனுமதி. என்3 வழியில் ஃப்ரீ ஸ்டேட், வால் ஆற்றைத் தாண்டி ம்புமலாங்கா, பிறகுதான் கௌடெங். நான்கு மாகாணம். வழியில் நிறுத்திக் கேட்டால் கையில் சீட்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆமையை நகர்த்தாமல் எசெம்வெலோ அலுவலகத்தில் பேசுங்கள். வேறிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நோய் பரவும், அந்தப் பகுதி ஆமைகளின் மரபும் கலந்துபோகும். நம் தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு, பச்சோந்தி இவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள்.

செதில் தம்பி, பால் பைத்தான் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். நாட்டுக்குள்ளேயே கொண்டுபோகும்போது பாம்பை வாங்கிய ரசீதைக் கையில் வையுங்கள். லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக் எல்லையைத் தாண்டுவதென்றால் சைட்டிஸ் அனுமதி இல்லாமல் முடியாது. போகிற வழியில் க்ரூகர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள், தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு விலங்கை விடமாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்_செதில்
ரசீது இருக்கிறது. வழியில் எத்தனை தடவை திறந்து பார்ப்பது? ஒருவேளை பாம்பு வண்டிக்குள் வெளியே வந்துவிட்டால்?

மரித்ஸ்பர்க்_மாணிக்கம்
திறக்கவே வேண்டாம். தெர்மாமீட்டரைப் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி டப்பா ஓரத்திலிருந்து டார்ச் அடித்தால் போதும். பையைத் தொட்டால் லேசாக அசைய வேண்டும். அதைக்கூட எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடிய வண்டிக்குள் செய்யுங்கள்.

வெளியே வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள், அந்தத் தண்டவாளத்தில்தான் நசுங்கும். முதலில் சீட்டுக்கு அடியில், பிறகு ஹேண்ட் பிரேக் உறை, டாஷ்போர்டின் கீழ்ப்பக்கம். கிடைக்கவில்லையென்றால் மெதுவாக ஓட்டிச் சேருமிடம் போய், கதவுகளை மூடி, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு அதே தலையணை உறையைத் தரையில் வையுங்கள். வண்டி ஆறும்போது சூடு இருக்கிற ஒரே இடத்தைத் தேடி வரும். தரையில் கொஞ்சம் மைதா தூவிவைத்தால் எந்தப் பக்கம் போனது என்று தடம் தெரியும்.

ஃபீனிக்ஸ்_பக்கி
தெர்மோ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், என் டப்பாவிலிருந்த கைச்சூட்டு பேக்கை எடுத்துவிட்டேன். டிசம்பரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

லெனேசியா_தெர்மோ
டிசம்பரில் ஒரே விதி: ஏசி ஓடாத வண்டியில் விலங்கு ஒரு நிமிடமும் தனியாக இருக்கக்கூடாது. வெளியே 30 டிகிரி என்றால் மூடிய கார் அரை மணி நேரத்தில் 45ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவது உதவாது. சாப்பிட ஆட்கள் முறை வைத்து இறங்குங்கள். உறைய வைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றித் தெர்மாகோலின் ஓரத்தில், டப்பாவைத் தொடாமல் வைக்கலாம். டிராகன் வாயைப் பிளந்தபடி டப்பாவில் ஓடினால் அதிகச் சூடு. நிழலுக்குக் கொண்டுபோய் 25 டிகிரித் தண்ணீரில் காலும் வயிறும் நனையும்படி விடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். குளிர்ந்துபோனதற்கும் இதே நிதானம்தான்: ஒரு மணி நேரத்தில் மெல்ல 25க்குக் கொண்டுவந்து, அதன்பிறகே விளக்குக்கு அடியில்.

ஓணான்_அக்கா
செதில் தம்பிக்குப் போய்ச்சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது. கூண்டு, மேட், தெர்மோஸ்டாட் எல்லாம் லாரியில் கடைசியாக ஏற்றுங்கள், அப்போதுதான் முதலில் இறங்கும். முடிந்தால் முந்தின நாளே யாராவது போய் மாட்டிச் சூடாக்கி வைக்கட்டும். ஜோஹன்னஸ்பர்க் ஜூலை ராத்திரி டர்பன் மாதிரி இல்லை, வீட்டுக்குள்ளேயே நடுங்கும். டர்பனில் 26 காட்டிய கூண்டு அதே மேட்டில் அங்கே 21 காட்டலாம். கூண்டின் மூன்று பக்கமும் தெர்மாகோல் பலகை ஒட்டிவிடுங்கள். டர்பனைவிடக் காற்று மிகவும் வறண்டது. பைத்தான் கூண்டில் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடு நிற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஈரப் பாசி வைத்த ஒரு டப்பாவை உள்ளே வையுங்கள்.

டிராகனுக்கு மறுநாள் கீரை, அதற்கடுத்த நாள் பூச்சி. கெக்கோ 2, 3 நாள் வெளியே வராது, தோண்டி எடுக்காதீர்கள். பைத்தானைத் தண்ணீரோடு ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதி எலி. வழியில் கக்கியிருந்தால் 14 நாள் கழித்துத்தான். பெட்டிகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், சால்மொனெல்லா (வயிற்றைக் கெடுக்கும் கிருமி) அங்கே பாத்திரத்தில் ஒட்டும். வெளிக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தலையணை உறையை வெந்நீரில் தனியாகத் துவையுங்கள்.

சாட்ஸ்வொர்த்_செதில்
தம்பி முந்தின நாளே லெனேசியா போய்க் கூண்டை மாட்டுகிறான் அக்கா. பைத்தானுக்கு இன்று கடைசி இரை கொடுத்தாயிற்று, சரியாக 9 நாள் இருக்கிறது. டேக்கும் வாங்கிவிட்டேன்.

மரித்ஸ்பர்க்_மாணிக்கம்
தலையணை உறையை இப்போதே ஒருமுறை வாசனைத் திரவம் இல்லாமல் துவைத்து வையுங்கள். தையலை விரலால் ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் பிரிவு இருந்தாலும் பாம்பு மூக்கைக் கொடுத்துப் பெரிதாக்கிவிடும்.